குறுக்குக் கட்டு போட்ட புத்தகங்கள்

சுமை தூக்குகிறவர்களுக்குக் கயிறுதான் எழுத்து. ஒரு கட்டு ஒற்றைச் சுற்றாகக் கட்டியிருந்தால் வேலை பாக்கி இருக்கிறது, தொடாதே என்று பொருள். குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி நடுவில் முடிச்சு போட்டிருந்தால் வேலை முடிந்தது, வண்டியில் ஏற்று. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. துணி மூட்டை, பழைய தாள் என்று என் மச்சினனின் ஆட்கள் எதை ஏற்றினாலும் இதுதான் கணக்கு.

நூலகத்துக்கார அம்மாவுக்கு இது தெரிய நியாயமில்லை.

பழைய நூலகத்தை இடிக்கப் போகிறார்கள். உள்ளே இருந்ததில் முக்கால்வாசி மழையில் நனைந்ததும் கரையான் அரித்ததும்தான். அதெல்லாம் காகித ஆலைக்கு. நல்லதாகக் கிடந்ததை மட்டும் அந்த அம்மா பொறுக்கி வைத்து, பேருந்து நிலையத்து மாடியில் ஒரு வாசிப்பு அறை திறக்க அனுமதி வாங்கியிருந்தார். அதற்காக எத்தனை படி ஏறி இறங்கினார் என்று கேட்கக் கூடாது. அந்த அறை அதுவரை நிலையத்தின் சாமான் அறை. துடைப்பமும் சோப்புத்தூளும் டிக்கெட் சுருளும் அங்கேதான் கிடந்தன. திங்கட்கிழமை காலை நிலைய மேலாளர் வந்து பார்ப்பார். அலமாரிகள் நிறைந்திருந்தால் அறை நூலகத்துக்கு. காலியாக இருந்தால் சாமான் திரும்பி வந்துவிடும்.

அலமாரி மூன்று. கலை, வரலாறு, சமூகம் என்று பலகை எழுதி மாட்டியாகிவிட்டது.

"கதைப் புத்தகம் ஒண்ணுகூட இல்லையேம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்குக் கதையைக் கொடுத்தா பாதியில விட்டுட்டு ஓடணும்ணே. பாவம். இதுன்னா எந்தப் பக்கத்துல வேணா திறக்கலாம், எந்தப் பக்கத்துல வேணா மூடலாம்."

அப்படித்தான் பொறுக்கியிருந்தார். ஓவியங்கள், கற்சிலைகள், மண்பாண்டங்கள், கடல் வாணிபம், உப்பு, பஞ்சங்கள், சிறைச்சாலைகள், கல்யாணங்கள், மனிதர்கள் ஏன் ஊர்விட்டு ஊர் போகிறார்கள் என்பது. தூக்கும்போது புத்தக முதுகில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம் நடைவழியில் உட்கார்ந்து பலகைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து அது. தப்பாகப் படித்தால் ஒரு நர்ஸ் போகிற போக்கில் திருத்திவிட்டுப் போவாள். மனைவி போய்விட்டாள், எழுத்து இருக்கிறது. அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் கிடைத்ததையெல்லாம் படிப்பேன்.

அந்தக் கட்டுகளில் ஒரு புத்தகத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களைப் பற்றியது. ஒரே கட்டிலில் மூன்று பேர் முறை வைத்துத் தூங்கினார்களாம். ஒருவன் எழுந்த சூட்டில் இன்னொருவன் படுப்பானாம். ஒருநாள் எல்லாரும் கப்பலில் சரக்கை அப்படியே விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பக்கம் வரைக்கும் வந்திருந்தேன்.

சனிக்கிழமை நானும் ஒரு தச்சரும் பழைய நூலகத்தின் பின்படிக்கட்டு வழியாகப் பெரிய அலமாரியை இறக்கிக்கொண்டிருந்தோம். அந்த அம்மா பேருந்து நிலையத்துக்குப் போயிருந்தார். போவதற்கு முன்னால், வைத்துக்கொள்ள வேண்டிய புத்தகங்களை எல்லாம் தன் கையாலேயே கட்டியிருந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று குறுக்கும் நெடுக்கும் இரண்டு சுற்று. மேலே 'வைக்க' என்று ஒரு துண்டுத் தாள். கழித்த புத்தகங்களுக்கு எதற்கு அவ்வளவு என்று ஒற்றைச் சுற்று.

ஆலைக்குப் போகிற மச்சினனின் லாரி வந்தது, ஏற்றியது, போய்விட்டது.

அவர் திரும்பி வந்து கூடத்தின் நடுவில் நின்றார். ஒற்றைச் சுற்றுக் கட்டுகள் சுவரோரம் அப்படியே இருந்தன. மற்ற பக்கம் தரை பெருக்கியதுபோல் இருந்தது.

"அண்ணே, இங்க இருந்தது எங்கே?"

நான் பார்த்தேன். எனக்குப் புரிந்துவிட்டது.

மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, எதைடா ஏத்துன?"

"கட்டி ரெடியா இருந்ததைத்தான் மாமா. ஏன், ஒண்ணு விட்டுப்போச்சா?"

"மேல சீட்டு இருந்துச்சே."

"சீட்டா? எங்க கூட்டத்துல படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். நீ பீரோவைக் கட்டிப் புடிச்சிட்டு நின்னே. நெட்டையன்கிட்ட சீட்டைக் காட்டினா பீடி சுருட்டுவான்."

அவன் பக்கத்தில் லாரி ஆள் நெட்டையன் சிரிக்கும் சத்தம் போனில் கேட்டது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. பிறகு மச்சினன் குரலைத் தாழ்த்தி, "தப்பாயிடுச்சா மாமா?" என்றான்.

ஆலைக்கு அந்த அம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் சிவப்பு விளக்குக்கு நின்றார், பச்சைக்கு எடுத்தார்.

ஆலைக் கொட்டகையில் ஓர் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை கிழித்துக்கொண்டிருந்தார். முழங்காலில் வைத்து ஒரு மடக்கு, ஒரு இழுப்பு. அட்டை ஒரு பக்கம், உள்தாள் ஒரு பக்கம். அட்டையோடு முன்னால் ரெண்டு பக்கமும் சேர்ந்தே வந்துவிடும்.

"மத்தியானம் வந்த லோடா? சாதாத் தாள் எல்லாம் தொட்டிக்குப் போயிடுச்சும்மா," என்றார். "வழவழத் தாளு அந்தா கிடக்கு. அதைத் தண்ணியில போட்டா சேறாயி சல்லடையை அடைச்சிக்கும். அது வேற இடத்துக்குப் போறது."

வழவழத் தாள் என்றால் படம் போட்ட புத்தகங்கள். அதாவது கலை. அது மட்டும் அட்டையில்லாமல் ஒரு மூலையில் குவிந்திருந்தது.

தொட்டிக்கு மேலே இரும்புப் படி. அந்த அம்மா ஏறிப் பார்த்தார். நானும் ஏறினேன். சாம்பல் நிறத்தில் காகிதக் கஞ்சி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கொதி இல்லை, வாசனைகூடப் பெரிதாக இல்லை.

"இதுல எதுங்க வரலாறு?" என்று அங்கே நின்ற எந்திரக்காரரிடம் கேட்டார்.

அந்த அம்மா வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று அவர் நினைத்தார். "உள்ள போனா எல்லாம் ஒண்ணுதாம்மா. அடுத்த வாரம் முட்டை அட்டையா வரும்."

அந்த அம்மா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தோன்றியிருக்கும். இறங்கி வந்து, படம் போட்ட புத்தகங்களை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அட்டை கிழிக்கும் அக்கா, "தாராளமா. எனக்குப் பாரம் குறையுது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவற்றை மாடிக்கு ஏற்றி அடுக்கினோம். ஒரு அலமாரி நிறைந்தது. மற்ற இரண்டும் பலகையோடு நின்றன. மச்சினன் தானாகவே வந்திருந்தான். தப்பு செய்தவன் மாதிரி கதவோரம் நின்று கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லவா? கழிச்சுப் போட்ட புத்தகம் பழைய நூலகத்துல மூட்டை மூட்டையா கிடக்கு. கொண்டாந்து அடுக்கிடுவோம். மேலாளர் முதுகைத்தானே பாப்பாரு? உள்ள பிரிச்சா பாக்கப் போறாரு? ரூம் கையில நின்னுடும். அப்புறமா நிதானமா நல்லதா வாங்கிப் போட்டுக்கலாம்."

அதில் தவறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை போல. "சரி, ஒரு கட்டு கொண்டு வாங்க, பார்ப்போம்," என்றார்.

கொண்டு வந்தோம். முதுகு நன்றாகத்தான் இருந்தது. தடித்த புத்தகங்கள், ஏதோ பழைய சட்டத் தொகுதிகள். 'வரலாறு' பலகைக்குக் கீழே வைத்ததும் அலமாரிக்கு ஒரு களை வந்துவிட்டது. மச்சினன் கையைத் தட்டினான். "பாத்தீங்களா? மாப்பிள்ளைக் கோலம்!"

அந்த அம்மா ஒன்றை எடுத்துத் திறந்தார். நடுவில் பக்கமே இல்லை. கரையான் தின்று, ஓரம் மட்டும் படச்சட்டம் போல நின்றது. உள்ளேயிருந்து மண் கொட்டியது. அவர் அடுத்ததைத் திறந்தார். அதுவும் அப்படித்தான். மூன்றாவதைத் திறக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஒருத்தர் பஸ்ஸை விட்டுட்டு வந்து உக்காந்து இதைத் திறந்தா?" என்றார்.

"யாரு மேடம் திறக்கப் போறா?" என்றான் மச்சினன்.

"நான் திறப்பேன்," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"உன்னைக் கேட்டாங்களா மாமா?"

அவர் புத்தகத்தைக் கீழே வைத்தார். "எடுத்துட்டுப் போயிடுங்க. இங்க இருக்கிறதுக்கும் கரையான் ஏறிடும்."

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மேலாளர் வந்தார். கெட்டவர் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கலை அலமாரியில் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "அட்டை எங்கம்மா?"

"கிழிஞ்சிடுச்சு சார்."

"அந்த ரெண்டு அலமாரி?"

"புத்தகம் போயிடுச்சு சார். மறுபடி சேர்க்கணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

அந்த அம்மா பொய் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "தெரியலைங்க," என்றார்.

மேலாளர் மோவாயைத் தடவிக்கொண்டார். "படப் புத்தகம் இருக்கட்டும். அந்த மூலையும் மேசையும் உங்களுது. மிச்சத்தை நான் சும்மா போட்டு வைக்க முடியாதும்மா, கீழ சோப்புத்தூள் எல்லாம் நடைபாதையில கிடக்கு. மேல கேட்டா நான்தான் பதில் சொல்லணும்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சுமை தூக்குறவர்தானே? கையோட அதை ஏத்திடுங்க," என்றார்.

அன்றைக்கு எனக்கு வேறு வேலை இல்லை. ஏற்றினேன். கீழிருந்து மாடி, மாடியிலிருந்து கீழே. சோப்புத்தூள் பெட்டிகள் சமூகத்தில். டிக்கெட் சுருள் வரலாற்றில். துடைப்பங்களைப் படுக்க வைக்க இடம் போதாமல் நிற்க வைத்தேன்.

"பலகையைக் கழட்டிடவாம்மா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ணே."

மேசையில் உட்கார்ந்து துணியால் படப் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் முறை மேலே வந்தபோது தோள்பையோடு ஒரு பெண் வாசலில் நின்றாள்.

"இங்க உக்காரலாமா? ஃபேன் ஓடுதே."

"உக்காருங்க."

அந்தப் பெண் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் திறந்தாள். ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பக்கத்தில் மாவு பிசையும் ஒரு கிழவி. ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் முன்பக்கத்தைத் தேடினாள். முன்பக்கம் இல்லை.

"இது யாருங்க வரைஞ்சது?"

"சொல்றேன்," என்று அந்த அம்மா துணியை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அவர் இந்தப் படத்தை வரையும்போது அவருக்கே கண்ணு சரியாத் தெரியாது. அந்தக் கிழவி யாருன்னா..."

கீழே ஹாரன் அடித்தது. அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு, "என் வண்டி, என் வண்டி," என்று படிக்கட்டில் ஓடினாள். நான் பெட்டியோடு சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டேன்.

புத்தகம் திறந்தபடி இருந்தது. அந்த அம்மா அதை மூடவில்லை. நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குக் கீழே இறங்கினேன்.