முதலாம் இயந்திரம் வென்றது

ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த கட்டில் விரிப்புகள் துவைத்த ஈரத்தோடு கூடைகளில் முறுகிக் கிடந்தன. அமலராணி ஒன்றை உருவி, இரண்டு மூலைகளையும் தேடிப் பிடித்து, முன்னாலிருந்த கவ்விகளில் செருகினாள். இயந்திரம் அதை வெடுக்கென்று இழுத்து விரித்துச் சூட்டு உருளைக்குள் கொடுத்தது. பக்கத்து இடத்தில் கமலாதேவி. அதற்கப்பால் ஒரு போலந்துக்காரியும் ஒரு வியட்நாம்காரியும். டென்மார்க்கின் கோல்டிங் நகரத்து ஓரத்திலிருந்த அந்தச் சலவைத் தொழிற்சாலையில் முதலாம் இயந்திரம் என்றால் அமலராணிதான் என்று அவள் நம்பியிருந்தாள்.

புதிதாக வந்த முகாமையாளர் மெட்டே எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டாள். ஆட்கள் அடிக்கடி சுகயீன லீவில் நிற்கிறார்கள், ஒருவரோடொருவர் கதைப்பதில்லை, வேலையில் சந்தோசமில்லை என்றாள். இனி இரண்டு இயந்திரமும் இரண்டு அணிகள். மாதமுடிவில் கூடுதலாக விரிப்பு முடிக்கும் அணிக்கு விருந்து. இரண்டாம் இயந்திரத்துக்கு அணித்தலைவி ஷாமிலா. சொல்லிக்கொண்டே அவளுக்கு நீலநிறக் கையில்லாச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, தோளில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"முதலாம் இயந்திரத்துக்குத் தலைவி தேவையில்லை. நீங்கள் எல்லோரும் அனுபவசாலிகள்" என்று அவள் டெனிஷில் முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அமலராணியும் தட்டினாள்.

ஷாமிலா, ஞாயிறு பூசையில் பக்கத்து வாங்கில் இருக்கும் அந்தோனிதாசனின் மகள். இங்கேயே பிறந்தவள். வேலைக்கு வந்து இன்னும் இரண்டு குளிர்காலம் முடியவில்லை. அந்த நீலச் சட்டை கண்ணில் படும்போதெல்லாம் அமலராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சட்டையையாவது பொறுக்கலாம். இரண்டாம் இயந்திரத்திலிருந்து வந்த சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. உருளைகளின் இரைச்சலை மீறி அது வந்தது. அங்கே யாருக்கோ பிறந்தநாள் என்றால் மேசையில் சின்னக் காகிதக் கொடிகள் நின்றன. ஷாமிலா வீட்டிலிருந்து இறைச்சி அடைத்த பற்றிஸ் பொரித்துக்கொண்டு வந்தாள். ஒருநாள் கோப்பி நேரத்தில் திரும்பிப் பார்த்தால், கமலாதேவியும் அந்த மேசையில் இருந்து பற்றிஸ் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல ருசியோ?" திரும்பி வந்தவளிடம் அமலராணி கேட்டாள்.

"ஓமக்கா, உங்களுக்கும் ஒண்டு கொண்டந்தனான். உங்களையும் அங்கை வரட்டாம்."

"எனக்கு வேண்டாம்."

அன்றைக்கே இயந்திரத்தின் வேகத் திருகை ஒரு புள்ளி கூட்டினாள். அடுத்த கிழமை இன்னொரு புள்ளி. விரிப்புகள் பறந்தன. சுவரிலிருந்த திரையில் முதலாம் இயந்திரத்தின் பச்சைக்கோடு ஏற ஏற, அவள் அதைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே மூலை பிடித்தாள்.

"அக்கா, கொஞ்சம் குறையுங்கோவன். தோள் கழண்டு விழப்போகுது" என்றாள் கமலாதேவி.

"அந்தப் பெட்டையிட்டைத் தோக்கச் சொல்லுறியோ?"

கடைசிக் கிழமை கமலாதேவியால் கையைத் தூக்க முடியவில்லை. லீவு எடுத்தாள். அமலராணி வேகத்தைக் குறைக்கவில்லை. தன் இடத்துக்கும் அவளுடைய இடத்துக்கும் இடையில் மாறி மாறி ஓடினாள். மற்ற இருவரும் முகம் சுளித்தார்கள். அவள் கவனிக்கவில்லை.

முதலாம் இயந்திரம் வென்றது. மெட்டே கேக் வெட்டி, "மூன்றே பேர்! இதுதான் கூட்டு முயற்சி!" என்றாள். அமலராணிக்கும் ஒரு நீலச் சட்டை கிடைத்தது. அதை மாட்டியபடி அவள் ஷாமிலாவைத் தேடினாள். முகம் எப்படி வாடியிருக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. ஷாமிலா கேக்கைத் தொடாமல் வாசலில் நின்றாள்.

திங்கட்கிழமை கமலாதேவி திரும்பி வந்தாள். தன் இடத்துக்குப் போகமுன் அவளை முகாமையாளரின் கந்தோருக்குக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது, கொழுவி வைத்திருந்த குளிர்ச்சட்டையை நல்ல கையால் எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

ஷாமிலா விறுவிறென்று வந்தாள்.

"கமலா அன்ரியை வேலையால நிப்பாட்டிப்போட்டினம். இனி ரெண்டு மெஷினுக்கும் மூண்டு மூண்டு பேர்தானாம். எங்களிலையும் ஒராள் போகோணும்."

"நானென்ன செய்ய? நீங்களும் கெதியா செய்திருக்கலாம்தானே?"

"ஏலாமலோ அன்ரி விட்டனாங்கள்?" ஷாமிலா இன்னும் கிட்ட வந்தாள். "நாங்கள் எல்லாரும் கதைச்சு, வேணுமெண்டுதான் மெல்லமாப் போனனாங்கள். கூட்டிக் காட்டினா ஆளைக் குறைப்பினம் எண்டு தெரியும். உங்களிட்டைச் சொல்லத்தான் அண்டைக்குக் கமலா அன்ரியிட்டைப் பற்றிஸ் குடுத்து, உங்களையும் வரச்சொல்லி விட்டனான்."

ஷாமிலா தன் நீலச் சட்டையைக் கழற்றிக் கூடைக்குள் எறிந்துவிட்டுப் போனாள்.

மணி அடித்தது. உருளை சுழலத் தொடங்கியது. வேகத் திருகை யாரோ ஏற்கெனவே கடைசிப் புள்ளியில் வைத்திருந்தார்கள். அமலராணி மூலைகளைப் பிடித்தாள். கமலாதேவியின் இடத்தில், விரிப்பு வைக்கச் சொல்லும் பச்சை விளக்கு மினுங்கியது, அணைந்தது, திரும்பவும் மினுங்கியது. மெக்கானிக் வந்து அதன் வயரைக் கொஞ்ச நேரம் தேடினான். அகப்படவில்லை. விளக்கின்மேல் கறுப்பு ரேப் ஒரு துண்டை ஒட்டி, பெருவிரலால் அழுத்திவிட்டுப் போனான்.