மறு பொட்டலம்

ஜெயசித்ரா யாரையும் நம்ப மாட்டாள். இதைக் குறை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவும் மாட்டாள், அனுபவம் என்பாள். வீட்டைப் பூட்டினால் பூட்டைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். வெங்காயம் எடை போடுகிற இடத்தில் எல்லாரும் தராசின் எண்ணைப் பார்த்தால் இவள் வியாபாரியின் கால் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். வேப்பந்தட்டைப் பக்கத்து அந்த ஊரில் அவளுக்கு 'சிபிஐ' என்றே பெயர்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், புருஷனுடைய உயிரை இரண்டு பூவரச இலைப் பொட்டலங்களை நம்பி ஒப்படைக்கக் கோயிலுக்குக் கிளம்பினாள் என்றால், எந்த அளவுக்கு நொந்து போயிருந்தாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் புருஷன் அழகேசனுக்குக் கழுத்துக்குள், தண்டுவடத்தை ஒட்டி ஒரு கட்டி. முதலில் வலது கை மரத்தது. வெங்காயச் சாக்கு நழுவியது, பிறகு மண்வெட்டி நழுவியது, கடைசியில் சோற்றுக் கவளமே நழுவ ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானை இப்போது ஜெயசித்ராதான் போட்டுவிடுகிறாள். கயிறோ நூலோ முடிய வேண்டுமென்றால் ஒரு முனையை இடது கையில் சுற்றிக்கொண்டு மறுமுனையைப் பல்லால் கடித்து இழுப்பான். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் பிடுங்கித் தானே கட்டிவிடுவாள்.

திருச்சி டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ஆபரேஷன் செய்தால் கை திரும்பி வரலாம். கழுத்துக்குக் கீழே ஒன்றுமே அசையாமலும் போகலாம். செய்யாமல் விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அதே இடத்துக்குத்தான் போகும், எப்போது என்று சொல்ல முடியாது. "வீட்ல பேசி முடிவு பண்ணிட்டு வாங்கம்மா. கையெழுத்து நீங்கதான் போடணும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. ஆபரேஷன் செய்தால்தானே டாக்டருக்கு வேலை என்று டாக்டரைச் சந்தேகப்பட்டாள். வேண்டாம் என்று சொன்ன சொந்தக்காரர்களைச் சந்தேகப்பட்டாள். எல்லாரையும்விட அதிகமாகச் சந்தேகப்பட்டது கொழுந்தன் செந்தில்குமாரை. அரியலூரில் சிமெண்டு லாரி ஓட்டுகிறவன். வந்த நாள் முதலாக, "பண்ணிருவோம் அண்ணி, யோசிச்சா யோசிச்சுகிட்டேதான் இருக்கணும்" என்று ஒரே பாட்டு. இவனுக்கு என்ன இவ்வளவு அவசரம்? அண்ணன் படுத்துவிட்டால் இரண்டு பேருக்கும் பொதுவான கிணறு முழுக்கத் தன் கைக்கு வந்துவிடும் என்று பார்க்கிறானா? ஒரு கோடையில் தண்ணீர் பாய்ச்ச இவர்கள் முறை வந்த பிறகும் அவன் மோட்டாரை நிறுத்தாமல் விட்டதை அவள் இன்னும் மறக்கவில்லை.

பூக்கட்டிக் கேட்கலாம் என்ற யோசனையையும் அவன்தான் கொண்டுவந்தான். ஆச்சரியமாக, அழகேசனும் உடனே தலையை ஆட்டினான்.

"கேட்டுருவோம் ஜெயா. செல்லியம்மா சொல்றபடி நடப்போம்."

ஏரிக்கரைச் செல்லியம்மன் அவர்களுடைய குலதெய்வம். அங்கே வழக்கம் இதுதான். ஒரு பூவரச இலையில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி, இரண்டையும் வெளியே தெரியாமல் மடித்து வாழைநாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரிப்பார். மறு பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே ஏரியில் விட்டுவிட வேண்டும். அதைப் பிரித்துப் பார்ப்பது அம்மன் சொன்ன சொல்லுக்குச் சாட்சி கேட்பது மாதிரி என்பார்கள்.

முதல் நாளே பெரம்பலூர் போய்ப் பூவை ஜெயசித்ராதான் வாங்கி வந்தாள். செந்தில்குமார் வாங்கி வருகிறேன் என்றதற்கு, "வேணாம் தம்பி, ஒங்களுக்கு எதுக்குச் செரமம்" என்றாள். மறுநாள் கோயிலில் பூசாரி அங்கமுத்து பொட்டலம் கட்டும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்தாள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. சரி. அங்கமுத்து இரண்டையும் தட்டில் போட்டுக் குலுக்கினார். எது எது என்று அவளுக்கே தெரியாமல் போனது. தட்டை அம்மன் காலடியில் வைத்துவிட்டு, "காலு கையக் கழுவிகிட்டு வாம்மா, நான் கற்பூரம் எடுத்தாரேன்" என்று பின்பக்கம் போனார். அவள் ஏரிக்கு இறங்கினாள். செந்தில்குமார் வண்டியில் இருந்த தேங்காயை எடுக்கப் போனான். கொஞ்ச தூரம் நடந்தாலே கால் பின்னுகிற அழகேசன் அம்மனுக்கு எதிரே தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

திரும்பி வந்து கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அங்கமுத்து வாங்கிப் பிரிக்கப் பார்த்தார், முடிச்சு அவிழவில்லை.

"இதென்னடா இது, நான் சுருக்குதானே போட்டேன்" என்று முனகியபடி, நகத்தால் இலையைக் கிழித்தார்.

வெள்ளை.

"பாத்தீங்களா அண்ணி! ஆத்தாளே சொல்லிருச்சு!" செந்தில்குமார் குதிக்காத குறை. அந்தச் சந்தோஷம்தான் அவளை உறுத்தியது. பூவைப் பார்ப்பதற்கு முன்பே சிரிக்கத் தயாராக இருந்த முகம் மாதிரி அவளுக்குப் பட்டது. போதாததற்கு, கோயிலுக்கு வந்ததும் அவனும் பூசாரியும் புளியமரத்தடியில் தனியாக ஏதோ பேசியதை அவள் பார்த்திருந்தாள்.

அங்கமுத்து மறு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பினார்.

"குடுங்க சாமி, நானே விட்டுடறேன்" என்று கை நீட்டினாள். குரலில் அப்படி ஒரு பக்தி. அவர் நம்பிக் கொடுத்துவிட்டார், பாவம்.

கரை இறங்கி, யாரும் பார்க்காத இடமாக நாணல் மறைவில் உட்கார்ந்தாள். பிரிக்கக் கூடாது என்று தெரியும். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்ற பயமும் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் இலையைக் கிழித்துப் பிரித்தாள்.

அதிலும் வெள்ளை.

அவளுக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. கண்ணெதிரே செவ்வரளியை வைத்துக் கட்டினாரே, அது எங்கே? பூசாரியைக் கைக்குள் போட்டுக்கொண்டு இந்தச் செந்தில்குமார் அம்மன் பேரால் அண்ணனைப் பலி கொடுக்கப் பார்க்கிறான். இன்றைக்கு அவனை ஊர் கூட்டி நாறடிக்காமல் விடுவதில்லை என்று எழுந்தாள். கையில் ஆதாரம் வேண்டுமே என்று இலையையும் நாரையும் பத்திரமாகச் சுருட்டப் போனபோதுதான் நாரின் முனையைப் பார்த்தாள்.

முனை சப்பி நைந்து, பஞ்சாகப் பிரிந்திருந்தது. அதில் பல் பதிந்திருந்தது. முடிச்சு சுருக்கு முடிச்சே இல்லை. இழுத்து இறுக்கிய, யாராலும் அவிழ்க்க முடியாத முரட்டு முடிச்சு. அந்த முடிச்சை அவள் தினமும் வீட்டில் பார்க்கிறாள்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பூவையும் நாரையும் கையில் மூடிக்கொண்டு கோயிலுக்கு ஏறினாள்.

அழகேசன் தூணடியில் தனியாகத்தான் இருந்தான். பூசாரியும் செந்தில்குமாரும் வெளியே வண்டியருகில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் எதிரே வந்து உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"நீங்களா?"

அவன் பூவைப் பார்த்தான், நாரைப் பார்த்தான். "பிரிப்பேன்னு தெரியும். இவ்ளோ சீக்கிரம் பிரிப்பேன்னு நெனைக்கல."

"எப்பக் கட்டுனீங்க?"

"காலையில, வெங்காயப் பட்டறைக்குப் பின்னால. நீ வாங்கியாந்த பூவுலதான். வூட்டுலேருந்தே கொண்டாந்தேன். நீங்கள்லாம் அந்தாண்ட போனதும் தட்டுல மாத்தி வெச்சேன்."

"சாமிகிட்டயே போங்காட்டம் ஆடுனீங்களா? வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றான். கொஞ்ச நேரம் வலது கையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தான். "ஆபரேஷனுக்குப் போறதுன்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன் ஜெயா. இது எப்ப முழுசா விழும்னு பாத்துகிட்டே உக்காந்திருக்க என்னால முடியல. ஆனா கையெழுத்துப் போடறது நீ. ஏடாகூடமா ஆயிடுச்சுன்னா ஊரு உன்னைய சொல்லும். ஊரு கெடக்குது விடு. நீ ஊரையே சந்தேகப்படுறவ. அப்பறம் உன்னையவே சந்தேகப்பட ஆரம்பிச்சுடுவ. நான்பாட்டுக்குப் படுத்துக் கெடப்பேன். நீதான் 'நான் கெடுத்துட்டனோ, நான் கெடுத்துட்டனோ'ன்னு வேகுவ. அம்மா சொல்லிச்சுன்னு இருந்தா, அது மேல பழியப் போட்டுட்டுத் தூங்கலாமில்ல?"

ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவளுக்கு, இந்த மனுஷன் தன்னைப் பற்றி இவ்வளவு யோசித்திருப்பான் என்ற சந்தேகம் மட்டும் வரவே இல்லை. அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள்.

"பூசாரி கட்டுன பொட்டலம் எங்க?"

அவன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். அவளே எடுத்தாள். சுருக்கு முடிச்சோடு இரண்டு பொட்டலங்கள், கசங்கக்கூட இல்லை.

"எது எதுன்னு எனக்கும் தெரியாது" என்றான் அழகேசன். "இது நெசமானது. நீ ஆசப்பட்டா இப்பவே அம்மா முன்னால ஒண்ண எடு. செவப்பு வந்தா நான் போகல. சத்தியமா போகல."

ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும் முடிச்சு. அவள் விரல் நாரின் மேல்தான் இருந்தது. எதையும் சரிபார்க்காமல் விட்டதில்லை அவள், வாழ்நாளில் ஒரு தடவைகூட. உள்ளே அம்மன் எண்ணெய் முகத்தோடு எப்போதும் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளை வந்தால்? இதுவாவது உண்மையா என்று பூசாரியைக் கேட்பேன். சிவப்பு வந்தால்? பயத்தில் வீட்டோடு இருந்துவிடுவோம். அடுத்து இடது கையில் சோறு நழுவுகிற அன்றைக்கு, இதே அம்மனைத் திட்டுவேன். எது வந்தாலும் என் சந்தேகம் தீராது. அவளுக்கு அது அப்போது பளிச்சென்று தெரிந்தது. நாம் இங்கே வழி கேட்க வரவில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகப் பழி சுமக்க ஆள் தேடித்தான் வந்திருக்கிறோம்.

எழுந்து ஏரிக்குப் போனாள். முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு பொட்டலங்களையும் பிரிக்காமலே விட்டாள். அவை மிதந்தன. நனைந்த இலைகள் கொஞ்சம் விரியப் பார்த்த மாதிரி இருந்தது. அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் செய்த காரியங்களிலேயே கஷ்டமானது அந்தத் திருப்பம்தான்.

கோயிலைப் பார்த்துக் கை கூப்பினாள். "தாயே, இனிமே உங்கிட்ட எதையும் கேக்கல. முடிவு நான் எடுத்துட்டேன். நீ கூட மட்டும் வா. நல்லது நடந்தாலும் சரி, நடக்காட்டியும் சரி, எங்கள விட்டுட்டு எந்திரிச்சுப் போயிடாத. அது போதும்."

கரையேறியபோது செந்தில்குமார் அண்ணனைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"இப்பவாவது நிம்மதியா அண்ணி? சாமி சொல்லிருச்சுல்ல?"

"சாமி ஒண்ணும் சொல்லல தம்பி. நான் சொல்றேன். திங்கக்கெழம திருச்சிக்குப் போறோம். கையெழுத்து நான் போடறேன்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணனைப் பார்த்தான். அழகேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பறம் தம்பி, ஒங்களத் தப்பா நெனச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"எப்ப அண்ணி?"

"எப்பவுமேதான்" என்றாள் ஜெயசித்ரா.

செந்தில்குமார் சிரித்துவிட்டான். வண்டியை எடுக்கப் போனவன், அவளைத் தெரிந்தவன் ஆயிற்றே, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நெசத்தச் சொல்லுங்க. ஏரியில விடறதுக்கு முன்னாடி பிரிச்சுப் பாத்தீங்கதானே? உள்ள என்ன இருந்துச்சு?"

"ஏரியில விட்டத நான் பிரிக்கல."

"நீங்களா? பிரிக்கலையா?"

அவன் நம்பவில்லை. அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, அழகேசனுடைய மரத்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க" என்றாள். "வண்டிய எடுங்க."