ஐம்பது மைலுக்குள்

கொரின் சவப்பெட்டியின் மேல் குனிந்து அம்மாவின் விரலில் மோதிரத்தை மாட்டினாள். ஒன்பது மாத வயிறு இடித்ததால் பக்கவாட்டில் நின்றுதான் கை எட்டியது.

"கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கங்கம்மா," என்றார் சவ அடக்க இல்லத்துக்காரர். "கை ரெண்டுலயும் முன்னும் பின்னும் தோல் நிறத்துல பூச்சு பூசியிருக்கேன். துணியில பட்டா லேசுல போகாது."

கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டாள். அயோவா ஜனவரிக்கு எப்படியும் அது தேவைதான்.

அம்மா ஆர்டித், ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவள். நிர்வாகத்தோடு ஒத்துவராமல் வேலையை விட்டபோதுதான், சேரும்போது போட்ட கையெழுத்து அவளைப் பிடித்தது. விலகினால் இரண்டு வருடம், ஐம்பது மைல் சுற்றளவில் எந்தக் கர்ப்பிணிக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது. சொந்த மகளுக்குமா? "வம்பை விலைக்கு வாங்காதீங்க," என்றார் வக்கீல். அன்றிலிருந்து கொரின் வீட்டுக்கு வந்தால், ஆர்டித் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவாள். என்ன கொடுமை! ஆனால் வழக்கென்று வந்தால் வீடே போய்விடும்.

குழந்தை இன்னும் திரும்பாமல் தலை மேலாக இருந்தது. திங்கட்கிழமை வயிற்றைக் கீறி எடுப்பதாக ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மயக்க மருந்து கொரினுக்கு ஆகாது. சின்ன வயதில் ஒருமுறை மூச்சே நின்றிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை மார்லிஸ் சித்தி வீட்டுக்குப் போயிடலாம்டி. அது ஐம்பது மைலுக்கு அந்தாண்ட. அங்க வெச்சு வயித்து மேல கையை வெச்சு நானே குழந்தையைத் திருப்பி விடுறேன்," என்று சொல்லியிருந்தாள் அம்மா. வியாழக்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டாள்.

இன்று ஞாயிறு. ஆட்கள் வருவதற்கு முன் கொரின் பெட்டியருகே நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகையைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அது வெட்கமாகவும் இருந்தது. வயிற்றுக்குள் ஏதோ பெரிதாகப் புரண்டது. குளிர்ந்தது. அரைத்தூக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

பேச்சுச் சத்தத்தில் விழித்தாள். வாசலில் ஆஸ்பத்திரி மேலாளர் பூங்கொத்தோடு நின்றார். மார்லிஸ் சித்தி வழிமறித்திருந்தாள்.

"வாங்க, வாங்க. அக்கா உங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவுலதான் படுத்திருக்கா. அளந்து பாத்துட்டு கேஸ் போடுங்க."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? அவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை."

"அதை உயிரோட இருக்கறப்ப காட்டியிருக்கணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியருகே வந்தார். எட்டிப் பார்த்தார். பூங்கொத்து சாய்ந்தது.

"கை எங்க?" என்றார்.

நெஞ்சின் மேல் கோத்து வைத்திருந்த கைகளைக் காணவில்லை. இரண்டும் தொடைக்கு அடியில் இருந்தன.

"நான் நெஞ்சு மேலதாங்க வெச்சேன், சத்தியமா," இல்லத்துக்காரருக்கு நாக்குழறியது.

கொரினின் விலாவுக்குக் கீழே பலமாக ஓர் உதை விழுந்தது. நேற்றுவரை அங்கே தலைதான் முட்டிக்கொண்டிருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக் கோட்டைத் திறந்தாள். கறுப்பு உடையில், வயிற்றின் மேலே ஒரு உள்ளங்கை, அடியில் ஒரு உள்ளங்கை. விரல்கள் விரிந்து, தோல் நிறத்தில் பதிந்திருந்தன.

"என்னம்மா, வலிக்குதா?" மேலாளர் பக்கத்தில் வந்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போடட்டுமா?"

"ஒண்ணுமில்ல சார். குளிருது," என்றாள் கொரின். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள்.