கீழத்தெருவின் இடது கால்

வேடசந்தூருக்குத் தெற்கே எங்கள் ஊரில், கீழத்தெருவின் பதினேழு வீடுகளிலும் இருந்த அறுபத்து மூன்று பேருக்கும் தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இடது கால் நொண்ட ஆரம்பித்தது. மேலத்தெருக்காரர்கள் வழக்கம்போல நடந்தார்கள். முதல் வாரம் அவரவர் காலை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். தைலம் தேய்த்தார்கள், கட்டுப் போட்டார்கள், திண்டுக்கல் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பெல்லாம் பழுதில்லாமல் இருந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் சௌகத் அலியின் பூட்டுக் கடையில் தங்கி வேலை பார்க்கும் ரொனால்டுகூட, கீழத்தெருவில் பிறந்த பாவத்துக்கு, அங்கே நொண்டினான். காலையில் மில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அத்தனை பேரும் இடது காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்கள். டிரைவர் இரண்டு நாள் சிரித்தார், மூன்றாம் நாளிலிருந்து ஆரன் மட்டும் அடித்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது அன்புக்கரசி. மில்லில் எட்டு மணி நேரம் நின்றபடி அறுந்த இழையைப் பிணைக்கிறவள். கால் வலியைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாச்சிமுத்து வீட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது அவருடைய சேவல் இடது காலைத் தூக்கியது, இவள் காலும் தானாக எழும்பியது. சேவல் ஊன்றியது, இவளும் ஊன்றினாள். நான்கு தடவை இதையே பார்த்துவிட்டுச் சேவலை மடக்கிப் பிடித்து உள்ளங்காலைத் திருப்பினாள். கோலிக்குண்டு அளவு வீக்கம், நடுவில் கறுத்த பொருக்கு. நாச்சிமுத்து போன தீபாவளிக்கு வாசல் முழுக்க சிமெண்டு பூசியிருந்தார். சேவல் அடைவது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல். விடிந்ததும் அங்கிருந்து நேரே சிமெண்டில் குதிக்கும். இதைப் புரிந்துகொள்ள டாக்டருக்கா படிக்க வேண்டும்?

ஆனால் சேவலை மகனென்றே வளர்க்கும் நாச்சிமுத்துவிடம் சொல்லிப் பாருங்கள். "எம் மகனுக்கு ஒண்ணும் இல்லத்தா. நெஞ்ச நிமித்தி ராசா கணக்கா நடக்குறான் பாரு" என்றார், கையில் கம்பை ஊன்றியபடி. மளிகைக்கடை வேலுமணி, "பேசாம அடிச்சுக் கொழம்பு வச்சிருவோம், தொல்ல விட்டுச்சு" என்றார். தெரு செத்த நேரம் யோசித்தது. பிறகு ஒவ்வொருவர் கையும் அவரவர் கழுத்துக்குப் போனது. அந்தப் பேச்சை அதற்கப்புறம் யாரும் எடுக்கவில்லை.

மற்றவர்கள் நொண்டிக்கொண்டே காலத்தைத் தள்ளிவிடலாம், அன்புக்கரசியால் முடியாது. அவள் மகள் பவித்ரா போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸாகியிருந்தாள். இருபத்து நான்கு நாளில் திண்டுக்கல் மைதானத்தில் நானூறு மீட்டர் ஓட வேண்டும். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், அப்புறம் மில்தான். தன் பக்கத்து மெஷினில் மகள் வந்து நிற்க அன்புக்கரசி விடமாட்டாள். சேவலைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள், அதாவது நொண்டினாள். டாக்டரம்மா அலட்டிக்கொள்ளாமல், வீட்டிலேயே பார்க்கலாம் என்றார். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊற வைத்து, பொருக்கை எடுத்து, உள்ளே இருக்கும் கட்டியை வெளியேற்றி, அயோடின் மருந்து வைத்துத் துணி சுற்றி, தினமும் கட்டு மாற்ற வேண்டும். உலர்ந்த உமியில் விட வேண்டும். உயரத்தில் ஏற விடக் கூடாது.

சொன்னால் கேட்டால்தானே! கட்டுப் போட்டால், சேவல் வெட்கப்படுகிறது என்று நாச்சிமுத்து அவிழ்த்துவிடுவார். சாயங்காலம் அது தொட்டியில் ஏறினால் கீழே நின்று ரசிப்பார். வேலுமணி தன் பங்குக்கு மில் கிரீஸைத் தடவிவிட்டதில் தெரு முழுவதும் ஒரு நாள் வழுக்கி விழுந்தது. பதினோரு நாள் இப்படியே பாழாய்ப் போனது. பன்னிரண்டாம் நாள் அன்புக்கரசி சேவலைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "மாமா, ஒங்களுக்கு அது மகன். எனக்கு எம் மகளோட காலு. ஓட்டம் முடியுற வரைக்கும் எங்க வீட்டுப் பக்கம் வந்தீங்க, மரியாத கெட்டுரும்" என்றாள்.

சேவலின் கால் வெந்நீரில் இறங்கியதும் தெருவுக்கே சுகமாக இருந்தது. வேலுமணி தராசைப் பிடித்தபடி தூங்கிப்போனார். கால் மணி நேரம் கழித்துப் பொருக்கைப் பெயர்த்தபோது அறுபத்து மூன்று பேரும் அலறினார்கள், அன்புக்கரசியும் அலறினாள். அவளுக்கும் அதே பாதம்தானே. உள்ளே மஞ்சளாக, பட்டாணி அளவில் இறுகிய சீழ். பாதி வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. துண்டில் சுற்றிச் சேவலைப் பிடித்திருந்த பவித்ரா கண்ணில் தண்ணீர் வழிய, "நிப்பாட்டாதம்மா, இழு" என்றாள். அன்புக்கரசி முந்தானையைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அன்றிலிருந்து ஷிப்ட் முடிந்து வந்து தினமும் கட்டு மாற்றினாள். இருபத்து மூன்றாம் நாள் வெங்காயச் சருகு போலப் புதுத்தோல் மூடியது.

ஓட்டத்தன்று பவித்ரா மைதானத்திலிருந்து போன் போட்டாள். "அம்மா, அடுத்து எங்க பேட்ச்சுதான். ஆனா எடது காலு கீழ எறங்க மாட்டேங்குதும்மா!" சேவல் உமி மெத்தையில் இடது காலை மடக்கிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாள் கம்பும் சோறும் ஊட்டினால் வேறு என்ன செய்யும்? தட்டினாள், கெஞ்சினாள், திட்டினாள். ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஓடவிட்டால் புண் பிளந்துவிடலாம், விடாவிட்டால் மகள் கோட்டிலேயே நிற்பாள். போனில் விசில் சத்தம் கேட்டது. "எந்திரிடா, நாசமாப் போறவனே!" என்று விளக்குமாற்றை ஓங்கினாள்.

சேவல் கிளம்பியது. இடது கால் ஓடினால் வலது கால் சும்மாவா நிற்கும்? கீழத்தெருவே ஓடியது. வேலுமணி சர்க்கரைப் பொட்டலத்தோடு ஓடினார், நாச்சிமுத்து கம்பைப் போட்டுவிட்டு ஓடினார், பேகம்பூரில் ரொனால்டு கடைவீதியில் ஓடினான். தெருவின் வேகம் சேவலின் வேகம் என்பதால் அன்புக்கரசியால் அதைப் பிடிக்கவும் முடியவில்லை, சேவலால் அவளைவிட்டு விலகவும் முடியவில்லை. தெருக்கோடி முருங்கைத் தோட்டத்தைச் சுற்றி வரும் வரை விளக்குமாற்றைத் தாழ்த்தவில்லை. ஒவ்வொரு அடியிலும் தன் உள்ளங்காலைத்தான் கவனித்தாள். அது பிளக்கவில்லை. நாற்பத்தாறு வயதில், மில்லில் நின்று நின்று தேய்ந்த கால்களோடு, மகள் ஓடிய நானூறு மீட்டரை அவளும் ஓடினாள். போன் வந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சுதான் இரைத்தது. கடைசியில் பவித்ரா, "பாஸும்மா" என்றாள்.

அடுத்த வாரம் தெரு சேர்ந்து நாச்சிமுத்து வாசல் சிமெண்டைக் கடப்பாரையால் பெயர்த்து மண் கொட்டியது. பவித்ரா இப்போது போலீஸ். சேவல் பெட்டையைக் கண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து சுற்றும்போது, அவளும் பந்தோபஸ்தில் நின்ற இடத்தில் மூன்றடி பக்கவாட்டில் ஆடிவிட்டு நேராகிறாள். இன்ஸ்பெக்டர் முதல் தடவை விளக்கம் கேட்டார். இப்போது அவளை நிறுத்துகிற இடத்தில் வலப்பக்கம் மூன்றடி காலியாக விடச் சொல்லிவிடுகிறார்.