தடவிக் காட்டுங்க

தோல் டாக்டருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கேட்டால் அவளே ஒத்துக்கொள்வாள். மருத்துவமனையின் மாடியில், குழந்தைகள் கிறுக்கித் தள்ளிய சுவருக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, இரவெல்லாம் சொறிந்து தூங்காத பிள்ளைகளைத் தூங்க வைக்கிறவள் அவள். அட்டோபிக் டெர்மடைட்டிஸ் என்று கணினியில் பதிவு செய்வாள். வருகிறவர்களிடம் கரப்பான் என்று சொல்வாள். இத்தனையும் செய்கிறவள் கர்வப்பட்டால் என்ன தப்பு?

அவளுடைய வித்தை புது மருந்தில் இல்லை. "தடவிக் காட்டுங்க, பார்க்கலாம்" என்ற ஒரே வாக்கியத்தில் இருந்தது. களிம்பை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிற பேச்சே கிடையாது. பெற்றவர்கள் அவள் கண்ணெதிரே பிள்ளைக்குத் தடவிக் காட்ட வேண்டும். ஒரு நீதிபதி தன் பேரனுக்குத் தடவிக் காட்டி, அவளிடம் திட்டு வாங்கி, திரும்பத் தடவிக் காட்டியிருக்கிறார். நர்ஸ்கள் அவளுக்குக் 'களிம்பு வாத்தியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கு எட்டியபோது மேலுக்கு முறைத்தாள், உள்ளே குளிர்ந்து போனாள்.

இந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. அது அவளுடைய அண்ணி.

அண்ணி மருந்துக்கடை நடத்துகிறவள். மருந்துப் படிப்பு படித்தவள். டாக்டருக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தபோது, அவ்வளவு தூரம் தனியாக எப்படி அனுப்புவது என்று வீட்டில் எல்லாரும் இழுக்க, "பொடிசு போகும். நான் கொண்டுபோய் விடுறேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள். அப்படிப்பட்டவளிடம் போய், களிம்பு தடவத் தெரியுமா என்று எந்த வாயால் கேட்பது?

அண்ணியின் மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. பெயருக்கு ஏற்ற பிள்ளைதான். பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். கரப்பான் அவளுடைய முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கையுறைக்குள் வியர்த்தால் தீயாக எரிந்தது. "இது மத்த பிள்ளைங்களுக்குத் தொத்திக்குமோ?" என்று ஒரு தாய் கோச்சிடம் கேட்டுவிட்டாள். தொற்றவே தொற்றாது என்று டாக்டர் நேரிலேயே போய்ச் சொன்னாள். "சரிங்க டாக்டர், ஆனா கையுறையைக் கழட்டினா ரத்தம் வருதே. ஆறட்டும், அப்புறம் நிக்கட்டும்" என்றார் கோச். அவரைக் குறை சொல்ல முடியாது. பந்தைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை, கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பந்து பொறுக்கிப் போட்டது. பள்ளிகளுக்கு இடையிலான போட்டி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் சோப்பை மாற்றினாள், களிம்பை மாற்றினாள், வீரியத்தைக் கூட்டினாள். எதற்கும் மசியவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆறுகிறது, தன் அண்ணன் மகளுக்கு ஆறவில்லை என்பது அவளை உள்ளுக்குள் அரித்தது.

அன்று அண்ணி வாலுவைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் டாக்டர் விஷயத்துக்கு வந்தாள்.

"இனிமே மாத்திரைதான் அண்ணி. எதிர்ப்புச் சக்தியையே கொஞ்சம் அடக்கி வைக்கிற மாத்திரை. ஆரம்பிச்சா அப்பப்போ ரத்தம் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

அந்த மாத்திரையைப் பற்றி அண்ணிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் முகம் தொங்கிப் போனது. வாலுவோ சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எத்தனை ஊசி வேணும்னாலும் குத்துங்க அத்தை. மேட்சுக்குள்ள சரியாயிடும்ல?"

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தாள். இதே நாற்காலியில் வேறு வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தால், மாத்திரைப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் அவள் என்ன செய்திருப்பாள்? பேனாவை மூடி வைத்தாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. தடவிக் காட்டுங்க, பார்க்கலாம்."

"யாரு, நானா?"

"நீங்கதான்."

"மாட்டினியா அம்மா!" என்று வாலு துள்ளினாள்.

அண்ணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எழுந்து கையைக் கழுவித் துடைத்தாள். பையிலிருந்து களிம்பை எடுத்து, மோதிர விரல் நுனியில் கடுகளவு தொட்டாள். முழங்கை மடிப்பு முழுக்க அதை இழுத்து இழுத்துப் பரப்பினாள். விரலில் மிச்சம் ஒட்டியிருந்ததைக் காகிதத்தில் துடைத்தும் விட்டாள். வேலை படு சுத்தம். தடவிய இடம் எது, தடவாத இடம் எது என்று தெய்வமே வந்தாலும் சொல்லியிருக்க முடியாது.

டாக்டர் களிம்பு ட்யூபைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவள் எழுதிக் கொடுத்து மாதக்கணக்காகியும் அது கொழுகொழுவென்று இருந்தது.

"எவ்வளவு நாள் போடுவீங்க அண்ணி?"

"சிவப்பு லேசா மங்கினதும் நிறுத்திடுவேன். ஸ்டீராய்டாச்சே! கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் இதைத்தானே சொல்றேன். கொஞ்சமா எடுங்க, மெல்லிசா பூசுங்க, சீக்கிரம் நிறுத்துங்கன்னு."

"அம்மா தடவினா தடவின மாதிரியே இருக்காது அத்தை," என்றாள் வாலு.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். மருந்து தெரிந்தவள் அல்லவா, சொல்லாமலே புரிந்துபோயிற்று.

"அப்போ இத்தனை வருஷமா நான் எல்லாருக்கும் தப்பா சொல்லியிருக்கேனா?"

"பயந்து சொல்லியிருக்கீங்க. தப்பு என்னோடது. ஒரு நீதிபதியைத் தடவிக் காட்டச் சொன்ன நான், உங்ககிட்ட கேக்கக் கூச்சப்பட்டேன். அதுல வாலு மாட்டிக்கிச்சு."

டாக்டர் அண்ணியின் சுட்டுவிரலை நிமிர்த்திப் பிடித்து, நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் களிம்பைப் பிதுக்கினாள்.

"இவ்வளவா!" அண்ணிக்குக் கண் பிதுங்கியது.

"இவ்வளவும் ரெண்டு உள்ளங்கை அகல இடத்துக்குத்தான். சொரசொரப்பு போய், அரிப்பு நிக்கிற வரைக்கும் தினமும் போடணும். சிவப்பு மங்கினதும் விட்டா, பாதி அணைச்ச அடுப்பு மாதிரி, காத்தடிச்சதும் திரும்பப் பத்திக்கும்."

"தோல் மெலிஞ்சு போயிடுமேடி."

"யாரும் பார்க்காம மாசக்கணக்குல பூசிக்கிட்டே போனா மெலியும். நான்தான் பார்த்துக்கிட்டு இருக்கேனே அண்ணி."

அண்ணி மகளின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, விரலில் இருந்த அத்தனையையும் தடவினாள். இந்தத் தடவை கை பளபளத்தது. டாக்டர் ஒரு சொல்லும் திருத்தவில்லை. கதவு வரைக்கும் போன அண்ணி திரும்பி நின்று, "நாளையிலேருந்து கடையிலயும் மாத்திச் சொல்றேன்" என்றாள். அந்த வயதில், அத்தனை பேருக்கு எதிரில், சொன்ன பேச்சை மாற்றிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! தன் அண்ணியை நினைத்து டாக்டருக்கு நெஞ்சு விம்மியது. மாத்திரைப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

போட்டி அன்று வாலு அரைக்கைச் சட்டையில், கையுறைக்குள்ளே பருத்தித் துணியில் இன்னொரு மெல்லிய உறை போட்டுக்கொண்டு கோலுக்கு முன்னால் நின்றாள். முழங்கை மடிப்பு வழவழவென்று இருந்தது. நிறம் மட்டும் இன்னும் கொஞ்சம் கருத்திருந்தது, அது ஆற அமரப் போகும். வந்த பந்துகளை விழுந்து புரண்டு தடுத்தாள். ஒன்றை விட்டுவிட்டாள், அந்த ஒன்றில் அணி தோற்றது. இருந்தாலும் கையுறையைக் கழற்றி, இரண்டு கைகளையும் அத்தைக்குத் தெரியும்படி உயர்த்தி ஆட்டினாள். உலகக் கோப்பையை வாங்கியவள்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். டாக்டர் பெஞ்சின் மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினாள்.

பக்கத்தில், கைக்குழந்தையை மடியில் வைத்திருந்த ஒருத்தி அண்ணியிடம் மெதுவாகக் கேட்டாள். அன்றைக்குக் கோச்சிடம் தொத்திக்குமா என்று கேட்ட அதே தாய்தான். குழந்தையின் கன்னம் சிவந்து வெடித்திருந்தது.

"உங்க பொண்ணுக்கு என்ன மருந்துங்க போட்டீங்க?"

அண்ணி அவளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாள். பழைய கணக்கைத் தீர்க்க நல்ல சந்தர்ப்பம். ஆனால் அண்ணி குழந்தையின் கன்னத்தைத்தான் பார்த்தாள்.

"பேரைக் கேட்டு வாங்கிப் போடாதீங்க. முதல்ல டாக்டரைப் பாருங்க. அதோ, பெஞ்சு மேல ஏறிக் கத்திக்கிட்டு இருக்கே, அது எங்க வீட்டுப் பிள்ளைதான்." அண்ணியின் குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டிருக்கும். "தடவிக் காட்டச் சொல்லும். வெட்கப்படாம காட்டுங்க. என்னையே காட்டச் சொல்லிச்சு!"