ஐம்பதை விட்டு இறங்காத மெஷின்கள்

எனக்கு ஒரு திமிர் உண்டு. என் ஜெனரேட்டர் ஐம்பது ஹெர்ட்ஸை விட்டு இறங்கக் கூடாது. சுமை ஏறினால் வேகம் லேசாகக் குறையும்படிதான் கம்பெனிக்காரர்கள் வைத்து அனுப்புவார்கள். மீட்டர் முள் நாற்பத்தொன்பதுக்கு வந்தாலே எனக்கு மானம் போன மாதிரி இருக்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் இருக்கிற சின்னத் திருகைத் திருகி, அந்தக் குறைவையே இல்லாமல் செய்துவிட்டேன். பன்னிரண்டு வருடமாக ஒரு குறையும் வரவில்லை.

சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். பொரிப்புப் பெட்டிகள் கூடியதால் போன மாதம் இரண்டாவது ஜெனரேட்டர் வந்தது. இரண்டையும் சேர்த்து ஓட்டினால்தான் எல்லாப் பெட்டிக்கும் கரண்ட் போதும். வந்த அன்றே அதன் திருகையும் யாரிடமும் சொல்லாமல் திருகி வைத்தேன்.

சேர்த்து ஓட்டிச் சோதிக்க, திண்டுக்கல்லிலிருந்து ஜெனரேட்டர் கம்பெனி இன்ஜினியர் ருக்சானா மேடம் காலை ஏழரைக்கு வந்தார். அன்று மாதாந்திர மின்தடை. ஒன்பதுக்குக் கரண்ட் போனால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் வரும். பெட்டிகளில் இருந்ததோ மறுநாள் பொரிய வேண்டிய இருபதாம் நாள் முட்டைகள். காற்றாடி நின்றால் குஞ்சுகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

மேடம் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஜெனரேட்டருக்கு மாற்றினார். மூன்றாவது பெட்டிக்கே இரண்டு மெஷினிலும் சுமை காட்டும் முட்கள் ஆடத் தொடங்கின. பழைய மெஷின் மொத்தச் சுமையையும் வாரிக்கொண்டது. அடுத்த நொடி புதியது பிடுங்கிக்கொண்டது. லைட்டுகள் மினுக்கின. புதியதன் பிரேக்கர் படாரென்று விழுந்தது.

"அண்ணே, கவர்னர்ல யாராச்சும் கை வச்சாங்களா?"

"யாரு வைக்கப்போறா? சாவி என்கிட்டதான இருக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

திரும்ப ஓட்டினோம், திரும்பவும் விழுந்தது. மணி எட்டு இருபது. மேடம் முதலாளி புவனேஸ்வரி அக்காவிடம் போனார்.

"ரெண்டையும் சேத்து நம்ப முடியாதுக்கா. ஒரு மெஷின் தாங்குற அளவுக்கு வச்சுக்கிட்டு நாலு பெட்டிய நிறுத்திருங்க."

நாலு பெட்டி என்றால் இருபதாயிரம் குஞ்சு. அக்காவுக்கு முகம் வெளிறிப்போனது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"பொன்னழகு, நீயே சொல்லுப்பா. எத நிறுத்தலாம்?"

என்னை நம்பித்தான் கேட்டார். உள்ளே குஞ்சுகள் ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தன.

"எதையும் நிறுத்த வேணாங்கா. ரெண்டு மெஷின்லயும் கவர்னர் திருக நாந்தேன் திருகுனேன். முள்ளு இறங்கக் கூடாதுன்னு செஞ்சேன்."

மேடம் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்தார்.

"ஒத்தையா ஓடுனப்ப அது சரிதாண்ணே. இப்ப ரெண்டும் வேகத்த விட்டுக்குடுக்காம நிக்கிறதாலதான் முட்டுது. சுமை ஏறுனா ரெண்டுலயும் வேகம் ஒரே அளவு எறங்குற மாதிரி திருகுங்க."

இரண்டையும் அப்படியே திருகினேன். எட்டு ஐம்பதுக்கு எல்லாப் பெட்டிகளும் ஜெனரேட்டரில் ஏறின. இரண்டு முட்களும் ஆடாமல் சரிபாதிச் சுமையில் நின்றன. ஹெர்ட்ஸ் நாற்பத்தெட்டரை. அதைப் பார்த்து நான் கும்பிட்டேன்.

ஐந்து மணி வரை இரண்டும் நிற்காமல் ஓடின. ஒரு குஞ்சும் போகவில்லை.

கிளம்பும்போது மேடம் அறிக்கையை அக்காவிடம் நீட்டினார். வேலை போனது என்று நினைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன். குறைக்கான காரணம் என்ற இடத்தில், 'இரு கவர்னர்களின் அமைப்பு சேர்ந்து ஓட ஏற்றதாக இல்லை' என்று எழுதியிருந்தார். அதன் கீழே, 'ஆபரேட்டர் சொன்னதால் நேரத்தில் கண்டறியப்பட்டது.'

அக்கா இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு வெரசா வந்துருப்பா. குஞ்சு ஏத்தணும்," என்றார்.

"வாரேங்க்கா" என்றேன்.