பதினோராவது ஸ்லைடு

அரங்கைத் திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றாள். குடிநீர் வாரியத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த பொறியாளர். போன வருடம் இதே கருத்தரங்கு மேடையில் எழுத்துரு ஒத்துப்போகாமல் அவளுடைய எழுத்தெல்லாம் திரையில் கட்டம் கட்டமாக வந்து நின்றது. "கட்டம் போட்ட சேலையா மேடம், நல்லாருக்கே" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, தலைமைப் பொறியாளர் வரை சிரித்தார்கள். இந்த முறை சூடு கண்ட பூனை. ஸ்லைடுகளைப் பிடிஎஃப்பாக மாற்றி இரண்டு பென் டிரைவில் ஏற்றியிருந்தாள். சொந்த லேப்டாப், கேபிள், சார்ஜர், எதற்கும் இருக்கட்டுமென்று அச்சுப் பிரதி. மண்ணுக்கடியில் குழாய் கசியும் இடத்தைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பது பற்றிய உரை. வீட்டில் கேட்க ஆளில்லாததால் சமையலறைச் சுவரிடம் நான்கு தடவை பேசிப் பார்த்திருந்தாள்.

புரொஜெக்டர் ஆபரேட்டர் எல்லாவற்றையும் இணைத்துப் பார்த்தார். "பக்காவா இருக்கு மேடம். நெட்டை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க. நடுவுல மெசேஜ் வந்தா அப்படியே திரையில தெரியும்."

"பண்ணிடறேன்."

பண்ணவில்லை. அன்று மகனுக்குப் பிறந்தநாள். அவன் விரும்பிய பெண்ணைப் பற்றி அவள் வாய்தவறிச் சொன்ன ஒரே ஒரு வார்த்தைக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு போனவன். எட்டு மாதமாகப் பேச்சில்லை. காலையில் வாழ்த்து அனுப்பியிருந்தாள். படித்துவிட்டான். பதில் எந்த நேரமும் வரலாம். வந்தால் அரங்கமே பார்க்கட்டுமே, என் பிள்ளை எனக்குத்தானே எழுதுகிறான் என்று தோன்றியது.

உரை தொடங்கியது. எழுத்து பிசகவில்லை. கசிவின் மெல்லிய இரைச்சலைப் பதிவுசெய்து வைத்திருந்தாள், அதுகூடத் துல்லியமாகக் கேட்டது. பதினோராவது ஸ்லைடில் திரையின் மூலையில் செய்தி வந்து விழுந்தது. மகன் இல்லை, தங்கை.

"அக்கா, அவன் இன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டான். நாங்க போயிருந்தோம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். எனக்குத்தான் மனசு கேக்கல."

சபையைப் பார்த்து நின்றிருந்ததால் அவள்தான் கடைசியாகப் படித்தாள். எதிரே நாற்பது முகங்களும் மாறியதைக் கண்டுதான் திரும்பினாள்.

பொத்தானை அழுத்தினாள். பன்னிரண்டாவது ஸ்லைடு. குரல் நடுங்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மீதி ஒன்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்து, "கேள்வி ஏதாவது?" என்றாள். யாரும் கேட்கவில்லை. அழுத்தம் எவ்வளவு, கருவி என்ன விலை என்று யாராவது கேட்டிருக்கலாம். தலைமைப் பொறியாளர் எழுந்து கைதட்டினார். தேவைக்கு மேல் வெகுநேரம் எல்லோரும் தட்டினார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு நீண்ட வரிசை. தட்டை எடுத்துக்கொண்டு கடைசியில் போய் நின்றாள். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "நீங்க முன்னாடி போங்க மேடம்" என்று ஒதுங்கினார். அவருக்கு முன்னால் இருந்தவரும் ஒதுங்கினார். ஒவ்வொருவராக விலக, யார் தோளும் படாமல் நடந்து வரிசையின் முதல் ஆளாக வந்து நின்றாள். கழுவிய ஈரம் காயாத தட்டிலிருந்து தண்ணீர் மணிக்கட்டு வழியே முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது.